ஊமையானது பெட்டியன்று

– இரண்டாமாண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவன்

“பழுதாகிவிட்டது, தூக்கிப் போடு!” இன்று நம் காதில் அடிக்கடி விழும் பேச்சு இது. கைப்பேசியா, கணினியா, அச்சுப்பொறியா? எதுவாயினும் ஐந்தாறு ஆண்டுகள் ஆகிவிட்டால் அதற்குக் கிடைக்கும் தீர்ப்பு இதுவே. தீர்ப்புக்கு முன் விசாரணை நடந்ததா என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் நம் கல்லூரியிலேயே அப்படி ஒரு தீர்ப்பு வழங்கப்பட இருந்தது. அதை அருகிலிருந்து கண்டவன் என்ற முறையில் என் மனத்தில் எழுந்த எண்ணங்களை மாணவ நண்பர்கள் முன்னும் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விழைகிறேன்.

நம் நாட்டு நலப்பணித் திட்ட அறையில் ஒரு சிறு பணி நடந்துவருவதைப் பலர் அறிந்திருக்கலாம். பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாய்விட்டுப் படித்து ஒலிப்பதிவு செய்து தருகிறோம். இதற்கென முன்னாள் மாணவர் ஒருவர் தாம் பயன்படுத்திய மைக் ஒன்றையும், அதைக் கணினியோடு இணைக்கும் ‘ஆடியோ இன்டர்ஃபேஸ்’ என்னும் ஒலிப்பெட்டி ஒன்றையும் அன்பளிப்பாகத் தந்திருந்தார். செங்கல் அளவுகூட இல்லாத உலோகப் பெட்டி அது. மைக்கில் எழும் மிகச் சிறிய மின்னழுத்தத்தைப் பெருக்கி, அதை நொடிக்கு 44,100 முறையோ 48,000 முறையோ அளந்து, எண்களாக மாற்றி, யூ.எஸ்.பி. கம்பி வழியே கணினிக்கு அனுப்புவது அதன் வேலை. இரண்டு ஆண்டுகள் அந்தப் பெட்டி குறையின்றி உழைத்தது.

கோடை விடுமுறையில் அறையிலிருந்த கணினிக்குப் புதிய இயங்குதளம் ஏற்றினார்கள். கல்லூரி திறந்ததும் பெட்டியைச் செருகினோம். பெட்டியின் விளக்கு எரிந்தது. கணினியோ ஒலி எதையும் ஏற்கவில்லை. சாதனங்களின் பட்டியலில் மஞ்சள் நிறத்தில் ஓர் வியப்புக்குறி மட்டும் நின்றது. கடைக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனோம். ஒரு முறை செருகிப் பார்த்தவர், “போர்டு போயிடுச்சு தம்பி, புதுசு வாங்கிக்கங்க” என்றார். புதியதன் விலை எங்கள் அணியின் ஓராண்டுச் செலவைவிட அதிகம். தேர்வுக்கு இருந்ததோ ஆறு வாரம்.

கைப்பேசியில் பதிவு செய்தால் என்ன என்று கேட்கலாம். செய்து பார்த்தோம். சாலையில் செல்லும் பேருந்தின் ஓசையும் மின்விசிறியின் இரைச்சலும் பாடத்தோடு கலந்து வந்தன. வரலாற்றுத் துறையில் மூன்றாமாண்டு பயிலும் அண்ணன் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, “தம்பி, நீ படிக்கிறதைவிட ஃபேன்தான் அதிகமாப் படிக்குது” என்று சிரித்தார். அவர் சிரித்தாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளுக்கு நான்கு மணி நேரம் காதாலேயே படிப்பவருக்கு அந்த இரைச்சல் எத்தகைய தண்டனை என்பதை எண்ணிப் பாருங்கள்.

அன்றிரவு வீட்டில் இதைச் சொன்னேன். என் தந்தை எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். “மோட்டார் ஓடலைன்னு கொண்டு வருவாங்க. எல்லா மோட்டாருக்குமா காயில் போயிருக்கும்? பாதி வண்டி கெப்பாசிட்டர்தான், வயருதான். சீரிஸ் லேம்ப் போட்டுப் பார்க்காம நான் ஒரு மோட்டாரையும் பிரிக்க மாட்டேன். நீங்க என்னத்தப் போட்டுப் பார்த்தீங்க?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. இயற்பியல் படிக்கும் நான் எதையும் சோதிக்காமலேயே கடைக்காரரின் சொல்லை ஏற்றிருந்தேன்.

மறுநாள் முறையாகத் தொடங்கினோம். முதலில் கம்பி. யூ.எஸ்.பி. 2.0 கம்பிக்குள் நான்கு இழைகள் உண்டு. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு செய்திக்கு. மின்னேற்றத்துக்கென்றே விற்கும் சில மலிவுக் கம்பிகளில் செய்தி இழைகளே இரா. விளக்கு எரியும், பேச்சு நடவாது. எங்கள் கம்பியில் நான்கும் இருந்தன. அடுத்து மின்சாரம். அத்தகைய துளை ஒன்று தரக்கூடிய மின்னோட்டம் 500 மில்லி ஆம்பியர். மைக்குக்கு 48 வோல்ட் அனுப்ப வேண்டிய பெட்டியை, பல பொருள்கள் தொங்கும் கிளைப்பெட்டியில் செருகினால் அது பசியில் மயங்கும். ஆகவே கணினியிலேயே நேராகச் செருகினோம். அப்பொழுதும் மௌனம்தான்.

மூன்றாவது சோதனைதான் கண்ணைத் திறந்தது. யூ.எஸ்.பி. பொருள் ஒவ்வொன்றும் செருகியவுடன் தன்னை இன்னாரென்று அறிவிக்கிறது. தயாரிப்பாளரைக் குறிக்கும் எண் ஒன்று. பொருளைக் குறிக்கும் எண் ஒன்று. மஞ்சள் குறியைத் திறந்து பார்த்தால் அவ்விரு எண்களும் அங்கே பிழையின்றி இருந்தன! செத்த பெட்டி தன் பெயரைச் சொல்லுமா? உயிர் இருக்கிறது, பேச்சுதான் புரியவில்லை என்பது விளங்கிற்று.

என் அக்காள் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற அரசின் விலையில்லா மடிக்கணினி வீட்டில் இருந்தது. வகுப்புத் தோழன் ஒருவன் அதில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றித் தந்திருந்தான். அதில் செருகியதும் எந்தக் குறுந்தகடும் கேளாமல், எந்தக் கோப்பும் இறக்காமல் பெட்டி பேசியது. முதலில் குரலில் இடையிடையே ‘படபட’ என்று வெடிப்பொலி வந்தது. பழைய கணினியால் எண்களை அத்தனை விரைவாக வாங்கிக்கொள்ள இயலவில்லை. ஒரு தடவைக்கு 128 எண்கள் என்றிருந்ததை 1,024 ஆக்கினோம், வெடிப்பு நின்றது. இதனால் ஏற்படும் தாமதம் சுமார் 21 மில்லி நொடி, அதாவது ஏழு மீட்டர் தள்ளி நிற்பவரின் பேச்சு நம்மை வந்தடையும் நேரம். பாட்டுக் கச்சேரிக்கு அது இடைஞ்சல். பாடம் படிப்பதற்கு ஒன்றுமில்லை. நாங்களும் ஒரு தவறு செய்தோம். 48,000-இல் பதிந்ததை 44,100 என்று குறித்துவிட்டதால், ஒரு மணி நேரப் பாடம் 65 நிமிடமாக நீண்டு, குரலும் தடித்து ஒலித்தது. கடைசிப் பாடத்தைத் தேர்வுக்கு மூன்று நாள் முன்னதாகத் தந்து முடித்தோம்.

அப்படியானால் குற்றவாளி யார்? ‘டிரைவர்’ எனப்படும் இயக்கி மென்பொருள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்கும் நம்மவருக்கும் இடையே ஆனந்தரங்கப் பிள்ளை துபாசியாக இருந்தார் என்று வரலாற்றில் படிக்கிறோம். கணினிக்கும் பெட்டிக்கும் நடுவே நிற்கும் துபாசிதான் இயக்கி. எங்கள் பெட்டியைச் செய்த நிறுவனம், அதற்கெனத் தானே ஒரு தனிமொழியை வகுத்து, அதற்குரிய துபாசியைப் பழைய இயங்குதளத்துக்கு மட்டும் எழுதியிருந்தது. புதிய இயங்குதளம் வந்ததும், இம்மாதிரிக்கு இனி ஆதரவில்லை என்று ஒரு வரியில் கைகழுவிவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. இங்கோ நன்றாக ஆடுகிறவளைப் பிடித்து, கூடம் கோணலானதற்காக வீட்டை விட்டு விரட்டப் பார்த்தோம்!

இதில் வேதனை என்னவென்றால், பொதுமொழி ஒன்று முன்னரே இருக்கிறது என்பதுதான். யூ.எஸ்.பி. வழியே ஒலியைக் கொண்டுசெல்வதற்கான பொதுத்தரத்தின் முதற்பதிப்பு 1998-லும், இரண்டாம் பதிப்பு 2006-லும் வெளியாயின. இத்தரத்தைப் பின்பற்றும் பெட்டிக்குத் தனி இயக்கி தேவையில்லை. இயங்குதளத்தில் உள்ளதே போதும். ஆயின் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். குற்றம் பெட்டி செய்பவர்களுடையது மட்டுமன்று. விண்டோஸ் அந்த இரண்டாம் பதிப்பைத் தானாகவே ஏற்கத் தொடங்கியது 2017-இல்தான். பதினோரு ஆண்டுகள் காத்திருக்க முடியாமல் பல நிறுவனங்கள் தனி இயக்கி எழுதியதில் நியாயம் உண்டு. காலதாமதத்தைக் குறைப்பதற்காக ஜெர்மனியின் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த ‘ஆசியோ’ முறையும் இசைப் பதிவாளர்களுக்குப் பெருந்துணையாகவே இருந்துவருகிறது.

இயங்குதளக்காரர்கள் பழைய இயக்கிகளை ஏன் மறுக்க வேண்டும் என்றும் கேட்கலாம். இயக்கி என்பது கணினியின் கருவறைக்குள் நுழையும் உரிமை பெற்ற மென்பொருள். அங்கே ஒரு பிழை நேர்ந்தால் கணினியே விழுந்துவிடும். 2024 ஜூலையில் கருவறை உரிமை பெற்ற பாதுகாப்பு மென்பொருள் ஒன்றின் பிழையால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் ஒரே நாளில் முடங்கியதையும், விமானங்கள் நின்றதையும் நாம் மறக்கவில்லை. ஆகவே வாசலில் காவல் இருக்கட்டும். என் வாதம் காவலுக்கு எதிரானது அன்று. துபாசியைத் திரும்ப அழைத்துக்கொண்ட நிறுவனம், மொழியின் அகராதியையும் பெட்டியில் பூட்டி வைப்பது ஏன் என்பதே என் கேள்வி.

இக்கேள்வி புதிதன்று. 1980-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று இருந்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கும். முந்தைய அச்சுப்பொறியின் நிரலில், தாள் சிக்கினால் பயனாளர்களுக்கு அறிவிக்கும் வசதியை ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் நிரலாளர் சேர்த்திருந்தார். புதிய பொறிக்கும் அவ்வாறே செய்ய விரும்பி மூலநிரலைக் கேட்டார். வெளியிடமாட்டேன் என்று உறுதி கொடுத்திருப்பதாகச் சொல்லி, அதை வைத்திருந்தவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பின் கசப்பு அவர் 1983-இல் ‘குனூ’ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்ததற்கு ஒரு காரணமாயிற்று. 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவைத் தந்தார். 1998-இல் தொடங்கப்பட்ட ‘ஆல்சா’ என்னும் திட்டத்தில் தன்னார்வலர்கள் ஒலிக் கருவிகளுக்கு இயக்கிகளை எழுதினார்கள், இன்றும் எழுதிவருகிறார்கள். முகமறியா அம்மனிதர்களின் உழைப்பால்தான் நம் கல்லூரியின் பார்வையற்ற மாணவர்கள் இந்தப் பருவத்தில் பாடம் கேட்டார்கள் என்றால் அது மிகையன்று.

காலம் மாறுவதற்கு நல்ல அடையாளங்களும் தெரிகின்றன. முன்சொன்ன ஆசியோ முறையை அந்நிறுவனமே 2025-இல் கட்டற்ற உரிமத்தின் கீழும் வெளியிட்டது. அதே ஆண்டில் வந்த மேக் ஓஎஸ் 26 ஃபயர்வயர் இணைப்புக்கான ஆதரவைக் கைவிட்டபோதும், அவ்வகை ஒலிப்பெட்டிகள் பலவற்றுக்கு லினக்ஸில் இடம் உண்டு. நம் நாட்டிலும் நடுவண் அரசு 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள், கழிவை மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கின்றன. வரவேற்கத்தக்கதே. ஆனால் குப்பையைப் பக்குவமாக உடைப்பதைவிட, நல்ல பொருளைக் குப்பையாக்காமல் இருப்பது மேலன்றோ?

எனவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஒன்று, தயாரிப்பாளர்க்கு: ஒரு பொருளுக்கு ஆதரவை நிறுத்தும் நாளில் அதன் மொழியை உலகுக்கு வெளியிடுங்கள். விற்று முடிந்த பொருளில் மறைப்பதற்கு உங்களுக்கு என்ன இருக்கிறது? இரண்டு, நம் கல்லூரி நிருவாகத்துக்கு: கணினியோடு இணையும் எதை வாங்கினாலும், தனி இயக்கி இன்றிப் பொதுத்தரத்தில் இயங்க வேண்டும் என்ற ஒரு வரியை விலைப்புள்ளி கேட்கும்போதே சேர்த்துவிடுங்கள். அரசுக் கல்லூரிகள் அனைத்தும் அந்த ஒரு வரியைக் கேட்டால் கடைக்காரரும் கேட்பார். கடைக்காரர் கேட்டால் நிறுவனமும் கேட்கும். மூன்று, மாணவர்களாகிய நமக்கு: மாதம் ஒரு பிற்பகல் இயற்பியல் ஆய்வகத்தில் கூடி, ‘செத்துப்போனவை’ என்று ஒதுக்கப்பட்ட பொருள்களைச் சோதித்துப் பார்ப்போம். கம்பி, மின்சாரம், மற்றொரு கணினி, கடைசியில் இயக்கி என்ற வரிசை போதும். துறைத்தலைவர் அவர்கள் இதற்கு இசைவு தருவார்கள் என நம்புகிறேன்.

என் தந்தையிடம் இந்தச் செய்தியை எல்லாம் சொன்னபோது அவர் ஒரு கேள்வி கேட்டார்: “மோட்டாரைப் பிரிச்சா எத்தனை சுத்து, என்ன கேஜ் கம்பின்னு எண்ணிப் பார்த்து நானே கட்டிக்குவேன். உங்க பெட்டில அதை எண்ண முடியாதாப்பா?” இயக்கியைப் பற்றி நான் படித்த நூல்கள் எதிலும் இதைவிடத் தெளிவான கேள்வி இல்லை. எண்ணிப் பார்க்கும் உரிமை வேண்டும். அதைக் கேட்கும் முன், எண்ணிப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

பெட்டி இன்றும் அந்த அறையில்தான் இருக்கிறது. படிக்க வேண்டிய பாடங்களும் நிறைய இருக்கின்றன. நல்ல குரலும் ஒரு மணி நேர ஓய்வும் உள்ள நண்பர்கள் வருக!