சம்பளம் ஏறினால் மருத்துவம் பறிபோகலாமா?

மாதம் 20,800 ரூபாய் வாங்கும் ஒரு தொழிலாளிக்கு மே மாதத்தில் 500 ரூபாய் கூடுகிறது. சம்பளம் 21,300 ஆகிறது. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்காக அதுவரை பிடித்துவந்த 156 ரூபாயும் ஆறு மாதத்துக்குள் நின்றுவிடும். ஆகக் கைக்கு 656 ரூபாய் அதிகம். இதற்கு ஈடாக அவர் இழப்பது என்னவென்று பாருங்கள். தனக்கும் மனைவி மக்களுக்கும், தன்னை நம்பியிருக்கும் தாய் தகப்பனுக்கும் செலவுக்கு வரம்பு வைக்காத மருத்துவம் போகிறது. படுத்துவிட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கக்கூடிய 70 சதவீதச் சம்பளமும் போகிறது. 21,000 ரூபாய் என்ற இ.எஸ்.ஐ. உச்சவரம்புக் கோட்டை 300 ரூபாய் தாண்டியதற்குக் கொடுக்கும் விலை இது.

இந்தக் கணக்கை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, போட்டுத் தெரிந்துகொண்டேன். சேரப்பணஞ்சேரியில் குடியிருக்கிறேன். ஒரகடம் பக்கம், கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் ஒரு நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் கட்டுவதும் நான்தான். வருடாவருடம் ஏப்ரல் கடைசியில் என் மேசைக்கு வந்து, சூப்பர்வைசர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்: "அக்கா, எனக்கு இந்த வருஷம் இன்க்ரிமென்ட் வேணாம்க்கா. இருக்கிற சம்பளத்துலயே விட்டுடச் சொல்லுங்க." சம்பளம் கூடவேண்டும் என்று போராடிய ஊர் இது. இங்கேயே ஒருவர் சம்பளம் கூடவேண்டாம் என்று கெஞ்சுகிறார் என்றால், தவறு அவரிடம் இல்லை.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிரஸ் ஆபரேட்டர் அப்படிக் கேட்டார். அம்மாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, இ.எஸ்.ஐ. கார்டில், இ.எஸ்.ஐ.யோடு ஒப்பந்தம் உள்ள டை-அப் ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. கிரேடுப்படி வரும் உயர்வை ஒருவருக்கு மட்டும் நிறுத்த முடியாது. மே மாதத்தில் சம்பளம் ஏறியது. செப்டம்பர் 30 வரை வழக்கம்போலப் பிடித்தம் செய்தோம், ஏனென்றால் நடுவில் கோட்டைத் தாண்டினாலும் அந்த ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடியும்வரை அவர் உள்ளேதான் இருப்பார். அந்தப் பங்களிப்புக்குரிய பயன் அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை ஓடியது. ஜூலையில் ஆஸ்பத்திரி கவுன்டரில் அவருடைய காப்பீட்டு எண்ணான ஐ.பி. நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, 'தகுதி இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். சம்பளம் கூடியது ஒரு மே மாதத்தில், அடி விழுந்தது மறு வருடம் ஜூலையில். இரண்டுக்கும் உள்ள தொடர்பு அவருக்கு அன்று புரியவில்லை. கம்பெனிதான் ஏதோ கட்டாமல் விட்டுவிட்டது என்று நினைத்து என்னிடம் வந்து நின்றார்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவருடைய அம்மாவைக் கைவிடவில்லை. இதைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைக் கதவு யாருக்கும் மூடுவதில்லை, அது நம் மாநிலத்தின் பெருமை. ஆனால் இயந்திரம் எப்போது காலியாகிறதோ அப்போதுதான் முறை வரும். ஷிப்டு மாறும் வாரங்களில் அந்த நேரமும் இவருடைய வேலை நேரமும் மோதின. லீவு போட்டார். லீவு தீர்ந்ததும் சம்பளம் வெட்டு. நான் போட்ட பட்டியலில் அவருடைய 500 ரூபாய் உயர்வு எத்தனையோ மாதங்கள் கைக்கு வரவே இல்லை.

இந்தக் கோடு எப்படி வந்தது? 1948-இல் இ.எஸ்.ஐ. சட்டம் எழுதப்பட்டபோது மாதம் 400 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் உள்ளே வந்தார்கள். தமிழ்நாட்டில் 1955-இல் கோவையில் திட்டம் தொடங்கியது. பின்னாளில் விலைவாசி ஏற ஏற உச்சவரம்பையும் ஏற்றினார்கள்: 1997-இல் 6,500, 2004-இல் 7,500, 2006-இல் 10,000, 2010-இல் 15,000. கடைசியாக 2017 ஜனவரி 1-இல் 21,000. அதற்குப் பிறகு 2025 முடியும்வரை அசையவில்லை. கடந்த முப்பது ஆண்டில் இவ்வளவு நீண்ட இடைவெளி இருந்ததில்லை. இந்த ஒன்பது ஆண்டில் வாடகை நின்றதா? அரிசி விலை நின்றதா? 2017-இல் 21,000 வாங்கியவர் எங்கள் லைனில் சீனியர். இன்று ஆறேழு வருடம் வேலை பார்த்த நிரந்தரத் தொழிலாளி அந்தத் தொகையைத் தொட்டுவிடுகிறார். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அங்கே சராசரிச் சம்பளம் 25,000 ரூபாய் என்று செய்திகளில் வந்தது. அது போதாது என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்து ஒரு மாதத்துக்கு மேல் வெளியே உட்கார்ந்தார்கள். அவர்களையும் 'வசதியானவர்கள்' என்று ஒதுக்கிவைக்கிறது இந்தக் கோடு.

மாநில அரசின் முதல்வர் காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். 2009-இல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012-இல் புதுப்பிக்கப்பட்டு, 2018-இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்து, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நல்ல திட்டம். ஆனால் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கவேண்டும். முன்பு 72,000 ஆக இருந்ததை 2022-இல் உயர்த்தினார்கள். மாதக் கணக்கில் பார்த்தால் 10,000 ரூபாய். ஆக, மாதம் 10,000-க்குள் என்றால் முதல்வர் காப்பீடு, 21,000 வரை இ.எஸ்.ஐ., அதற்கு மேலே முதலாளியின் மனசு. 21,001 ரூபாயிலிருந்து ஒரு குடும்பம் தன் காசில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகும் நிலைக்கு உயரும்வரை உள்ள நீண்ட தூரத்தில், சட்டப்படி உரிமை என்று சொல்லிக்கொள்ள அட்டை எதுவும் கிடையாது.

'முதலாளியின் மனசு' என்றால் கம்பெனி எடுத்துத்தரும் குரூப் மெடிக்ளைம் காப்பீடு. சில கம்பெனிகள் நன்றாகவே கொடுக்கின்றன. ஆனால் அது இ.எஸ்.ஐ.க்கு ஈடாகாது. படுக்கையில் சேர்ந்தால்தான் பெரும்பாலும் பணம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அதில் இடமில்லை. பெற்றோரைச் சேர்க்கத் தனியாகப் பிரீமியம் கேட்பார்கள், அல்லது சேர்க்கவே மாட்டார்கள். வேலை போனால் பாலிசியும் போய்விடும். சொந்தமாக பாலிசி எடுக்கலாம் என்றால், 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அது வரவேற்க வேண்டிய மாற்றம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்பையும் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் நான்கு ஆண்டிலிருந்து மூன்று ஆண்டாகக் குறைத்திருக்கிறார்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு மூன்று ஆண்டு என்பது எவ்வளவு நீளம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களும் நிம்மதியாக இல்லை. கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் இங்கே ஒரு கான்ட்ராக்டரிடமிருந்து இன்னொருவரிடம் கைமாறிக்கொண்டே இருக்கிறார்கள். பழைய ஐ.பி. நம்பரைக் கேட்டு வாங்காமல் புது நம்பர் போட்டுவிட்டால், அதுவரை கட்டிய நாட்கள் வேறொரு கணக்கில் கிடக்கும். நோய்க்கால உதவித்தொகை வாங்க ஒரு பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது கட்டியிருக்க வேண்டும். இரண்டு நம்பரில் பிரிந்துகிடந்தால் இரண்டிலுமே 78 தேறாமல் போகலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு இதை யார் சொல்வது? 1961-ஆம் ஆண்டு சட்டப்படி அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர்களுக்கோ இ.எஸ்.ஐ. அறவே இல்லை. அதே இயந்திரத்தில், அதே ஷிப்டில் நிற்கிறார்கள்.

பெண்கள் விஷயத்தில் இந்தக் கோடு இன்னும் ஆழமாக அறுக்கிறது. இ.எஸ்.ஐ.க்குள் இருக்கும் பெண்ணுக்கு 26 வாரப் பேறுகாலச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. நிறுவனமே கொடுக்கிறது. கோட்டைத் தாண்டிய பெண்ணுக்கு முதலாளி தன் பணத்திலிருந்து கொடுக்கவேண்டும். ஒரு பெண்ணைச் சீனியர் கிரேடுக்கு உயர்த்துவதா என்று முடிவெடுக்கும் அறையில் இந்தக் கணக்கு பேசப்படாமல் இருக்கும் என்று நான் நம்பவில்லை.

2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. நாற்பது வயது தாண்டிய தொழிலாளிக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை என்கிறது சட்டம். வரட்டும். ஆனால் பரிசோதனையில் நோய் தெரிந்தபின் அவர் எங்கே போவார்? அந்த வயதில், அந்த சர்வீசில் இருப்பவர்தான் 21,000-ஐத் தாண்டி வெளியே நிற்பவர். 'ஊதியம்' என்பதற்கு அதே சட்டம் புது வரையறை தருகிறது. வீட்டு வாடகைப் படி, பயணப் படி போன்றவை மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் அதிகப்படியை ஊதியத்தோடு சேர்க்கவேண்டும். பாதி வரை சேர்க்க வேண்டியதில்லை. இதனால் வெளியே இருந்த சிலர் உள்ளே வரக்கூடும், நல்லதுதான். ஆனால் ஒரே மொத்தச் சம்பளம் வாங்கும் இருவரில், ஸ்லிப்பில் படியை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒருவர் உள்ளேயும் மற்றவர் வெளியேயும் இருப்பார். ஒரு குடும்பத்தின் டயாலிசிஸை என்னைப் போன்ற ஒரு குமாஸ்தாவின் எக்ஸெல் ஷீட் தீர்மானிக்கக் கூடாது.

அட்டை கேட்காத வழி ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகிறது. எவ்வளவு சம்பளம், எந்த மாநிலம் என்ற கேள்வி இல்லை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கம்பெனி பஸ்களுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவே பைக்கில் போகும் எங்கள் பகுதிக்கு அதன் அருமை தெரியும். சாலையில் அடிபட்டவரிடம் சம்பள ஸ்லிப் கேட்பது அநியாயம் என்று உணர்ந்த அரசுகளுக்கு, சிறுநீரகம் பழுதானவரிடம் கேட்பதும் அநியாயம் என்று தெரியாதா?

பணம் இல்லை என்ற பதிலை நான் ஏற்கமாட்டேன். 2019 ஜூலை 1-இல் இ.எஸ்.ஐ. பங்களிப்பை 6.5 சதவீதத்திலிருந்து 4 ஆகக் குறைத்தார்கள். தொழிலாளி பங்கு 1.75-லிருந்து 0.75 ஆனது, முதலாளி பங்கு 4.75-லிருந்து 3.25 ஆனது. நிதி போதாத ஒரு நிறுவனம் தன் வருமானத்தை இப்படிக் குறைத்திருக்காது. அந்தக் குறைப்பில் தொழிலாளிக்கு மாதம் சுமார் இருநூறு ரூபாய் வரை மிஞ்சியது. அவரிடம் கேட்டிருந்தால், இருநூறு ரூபாயை நீங்களே வைத்துக்கொண்டு ஒரு நல்ல ஆஸ்பத்திரியைக் கொடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்.

உச்சவரம்பை ஏற்றினால் டிஸ்பென்சரியில் இன்னும் கூட்டம் சேரும் என்பதும் உண்மை. இன்றே சேரப்பணஞ்சேரியிலிருந்து கே.கே.நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகிறவருக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடுகிறது. ரெஃபரல் லெட்டருக்கு ஒரு நாள், ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் என்றால் இரண்டு நாள். இதற்கு வழி ஆளைக் குறைப்பதல்ல, இடத்தைக் கூட்டுவது. ஸ்ரீபெரும்புதூரில் 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2022 நவம்பரில் அன்றைய ஒன்றிய தொழிலாளர் அமைச்சர் பூபேந்தர் யாதவ் அடிக்கல் நாட்டினார். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-லேயே கார் செய்யத் தொடங்கிவிட்டது. தொழிற்சாலை வந்து கால் நூற்றாண்டு கழித்து ஆஸ்பத்திரிக்குக் கல் வைத்த இந்தப் பகுதிக்கு நூறு படுக்கை போதாது.

இ.எஸ்.ஐ. நிறுவனம் 30,000 ரூபாய் என்ற எண்ணை ஒருமுறை தானே ஏற்றுக்கொண்டிருக்கிறது. குறைந்தது ஐந்து ஆண்டு இ.எஸ்.ஐ.யில் இருந்து, பிறகு சம்பளம் உயர்ந்ததால் வெளியேறி, 2017 ஏப்ரல் முதல் 30,000 வரை சம்பளத்தோடு ஓய்வு பெற்றவர்களுக்கு மருத்துவ வசதியைத் திருப்பித் தர 2024 பிப்ரவரிக் கூட்டத்தில் ஒப்புதல் அளித்தது. ஓய்வு பெற்றபின் உரியது, உழைக்கும்போது ஏன் உரியதல்ல? உச்சவரம்பை உடனே 30,000 ஆக்க வேண்டும். அதோடு நிற்காமல், அகவிலைப்படியைப் போல விலைவாசிப் புள்ளியோடு இணைத்து, தானாக ஏறும்படி செய்யவேண்டும். அதையும் தாண்டுகிறவர் விரும்பினால் முழு 4 சதவீதத்தையும் தானே கட்டித் தொடர அனுமதிக்க வேண்டும். 21,300 ரூபாய்க்கு அது 852 ரூபாய். அந்த பிரஸ் ஆபரேட்டர் மகிழ்ச்சியாகக் கட்டியிருப்பார். மாநில அரசும் தன் பங்குக்கு 1,20,000 ரூபாய் வரம்பை உயர்த்தி, இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியேறும் குடும்பத்துக்கு அதன் பயன் நிற்கும் மாதத்திலேயே காப்பீட்டு அட்டை கிடைக்கச் செய்யவேண்டும். ஏப்ரல் 1-இல் புதிய பங்களிப்புக் காலம் தொடங்குகிறது. அதற்குள் அறிவிப்பு வரவேண்டும் என்று தொழிற்சங்கங்களும் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரும் கேட்கவேண்டும்.

அதுவரை, இதைப் படிக்கும் தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை. உயர்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன், மெடிக்ளைமில் பெற்றோருக்கு இடமுண்டா என்று எழுத்தில் கேளுங்கள். கான்ட்ராக்டர் மாறினால் பழைய ஐ.பி. நம்பரைக் கையோடு கொடுங்கள். உங்கள் வீட்டில் குறைந்தது ஐந்து ஆண்டு இ.எஸ்.ஐ. கட்டி ஓய்வு பெற்றவர் இருந்தால், அவருக்கும் அவருடைய துணைக்கும் மருத்துவ வசதி கேட்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அதற்கு ஆண்டுக் கட்டணம் 120 ரூபாய்.