‘ஃபார்மட் போட்டுடலாம் சார்’

பதினைந்து வருஷங்களாக என் மேஜையின் ஒரு மூலையை ஆக்கிரமித்துக்கொண்டு, என் கட்டுரைகளையும் மகளின் கல்யாணப் புகைப்படங்களையும் வீட்டுவரி ரசீதுகளையும் பாரபட்சமின்றி வயிற்றில் அடக்கி வைத்திருந்த கம்ப்யூட்டர், சென்ற ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் மின்சாரம் அற்றுப்போய் மீண்டும் வந்த மறுநாள் காலை, எழுந்திருக்க மறுத்துவிட்டது. விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, விண்டோஸின் சின்னம்கூட ஒரு கணம் தரிசனம் தந்தது, உடனே நீலத் திரை ஒன்று மின்னி மறைய, பழையபடி முதலிலிருந்து எல்லாம் ஆரம்பமாயிற்று. பழுதுபார்க்கும் கடையில் இதை இரண்டு நிமிஷம் கவனித்த இளைஞர் அருளிய தீர்ப்புதான் மேலே தலைப்பில் இருப்பது. “டேட்டா வேணும்னா தனி சார்ஜ்” என்றும் சேர்த்துக்கொண்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே ஆட்டோவில் வீடு திரும்பினேன்.

‘பூட் ஆகவில்லை’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவது உண்மையில் ஒரு நோயன்று. வெவ்வேறு ஸ்தானங்களில் உற்பத்தியாகும் மூன்று நோய்கள். பொத்தானை அழுத்தினால் சலனமே இல்லையென்றால் யுபிஎஸ், மின்கம்பி, எஸ்எம்பிஎஸ் என்ற வரிசையில் மின்சாரத்தின் வழியைத் தொடர்ந்து போக வேண்டும். திரை துவங்குவது முதல் இருண்டே கிடந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ராம் பட்டைகளைக் கழற்றி, அவற்றின் பொன்முலாம் பூசிய ஓரத்தைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, மறுபடி அழுத்தமாகச் சொருகுவது, நம் ஊர் ஈரக்காற்றில் ஆச்சரியப்படும்படி பல சந்தர்ப்பங்களில் போதுமானதாகிவிடுகிறது. 2000-க்குப் பிந்திய சில வருஷங்களில் செய்த மதர்போர்டாயின், உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை வீங்கியிருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. உள்ளே ஊற்றிய திரவத்தின் குறைபாட்டால் அக்காலத்தில் அவை ஆயிரக்கணக்கில் வீங்கிக் கசிந்தன. திரை விழித்து, அதன் பிறகே தடுமாறுகிறதென்றால் அது மூன்றாம் வகை. அங்கேதான் ஹார்ட் டிஸ்கும் விண்டோஸும் சந்தேகத்துக்குள் வருகின்றன.

இந்த இயந்திரங்கள் தம் நோயைத் தாமே சொல்லவும் கற்றவை. 1981-ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் பர்சனல் கம்ப்யூட்டரிலேயே, துவங்கும்போது தன்னைத் தானே பரிசோதித்துக்கொண்டு, எல்லாம் க்ஷேமமாயின் ஒரு குறுகிய ஒலியும், திரைக்குப் படம் அனுப்பும் கார்டில் கோளாறாயின் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் எழுப்புகிற ஏற்பாடு இருந்தது. துவங்கும்போது முதலில் ஓடி இந்தப் பரிசோதனையைச் செய்கிற பயாஸ் என்ற நிரலின் தயாரிப்பாளருக்குத் தக்கபடி சங்கேதம் மாறினாலும் வழக்கம் நிலைத்தது. அந்த ஒலியை எழுப்பும் சிறிய ஸ்பீக்கரைப் பிற்காலத்தில் பல பெட்டிகளில் வைக்காமலே விற்கலானார்கள். இந்தச் சிக்கனத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என்னுடையது மூன்றாம் வகை. எஃப்8 பொத்தானை அழுத்தி, தானாகத் திரும்பத் துவங்குவதைத் தடுத்தபோது, மின்னி மறைந்துகொண்டிருந்த நீலத் திரை நின்று நிதானமாக வாசிக்கக் கிடைத்தது: 0x7B, அதாவது, துவங்குவதற்குரிய டிஸ்கை விண்டோஸால் அணுக முடியவில்லை. பிறகு டெலீட் பொத்தானை அழுத்தி பயாஸுக்குள் நுழைந்தேன். அங்கே தேதி 2010 ஜனவரி 1 என்று இருந்தது. மர்மம் அப்போதே பாதி விலகிவிட்டது. மதர்போர்டில் ரூபாய் நாணயத்தளவில் சிஆர்2032 என்ற மூன்று வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. சுவரிலிருந்து மின்சாரம் வராத வேளையில் கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் நினைவில் வைத்திருப்பது அதன் கடமை. அது எப்போதோ செத்திருக்க வேண்டும். வீட்டில் மின்சாரம் இருந்தவரை அந்தச் சாவு வெளிப்படவில்லை. மூன்று நாள் இருட்டில் அமைப்புகள் அனைத்தும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியபோது, ஹார்ட் டிஸ்குடன் ஏஹெச்சிஐ முறையில் பேசப் பழகிய விண்டோஸ், அது ஐடிஇ முறையில் பேசக் கண்டு திகைத்து விழுந்திருக்கிறது. ஓர் அமைப்பை மாற்றினேன். கல்யாணப் புகைப்படங்கள் திரும்பி வந்தன. (2020 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் கைகழுவிவிட்ட விண்டோஸ் 7-ஐ இன்னும் வைத்திருப்பது என் பிடிவாதம்; அதில் இணையத்தைத் தொடுவதில்லை.) புதுப் பேட்டரியின் விலையைவிட ஆட்டோ சத்தம் அதிகம்.

வெற்றியைப் பறைசாற்றும் அற்ப ஆசையில் மறுநாள் அதே கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். இளைஞர் கோபிக்கவில்லை. “எவ்வளவு நேரம் ஆச்சு சார்?” என்றார். ஒன்றரை மணி என்றேன். “அந்த ஒன்றரை மணிக்கு யார் சார் காசு கொடுப்பாங்க?”

நான் வாயடைத்துப்போன இடம் அது. வைத்தியர் நாடி பார்த்து, மருந்தே வேண்டாம் என்று அனுப்பினாலும் அவருக்குரிய தொகையை மரியாதையாகக் கொடுத்துவிட்டு வருகிற நாம், கம்ப்யூட்டர் மெக்கானிக்கிடம் மட்டும் ஏதாவதொரு பாகம் மாறியிருந்தால்தான் பணம் கொடுக்கச் சம்மதிக்கிறோம்; ‘சும்மா திறந்துதானே பார்த்தாய்’ என்று பேரம் பேசுகிறோம். விளைவு பிரத்தியட்சம். பொறுமையாக ஆராய்கிறவன் வாடகை கொடுக்க முடியாமல் நிற்கிறான். கேட்ட மாத்திரத்தில் ஃபார்மட் போடுகிறவனும், ‘போர்டு போயிடுச்சு’ என்று புதுப் போர்டு விற்கிறவனும் பிழைத்துக்கொள்கிறார்கள். அழிந்துபோன புகைப்படங்களுக்கும், குப்பைக்குப் போன நல்ல மதர்போர்டுகளுக்கும் பொறுப்பு அந்த இளைஞருடையது மட்டுமல்ல என்பது என் அபிப்பிராயம்.

ஒவ்வொரு பழுதுக் கடையின் ரசீதிலும் ‘பரிசோதனை’ என்று ஒரு வரியும், அதற்கொரு நியாயமான தொகையும் இருக்க வேண்டும். கோளாறு இன்ன பாகத்தில், இன்னவிதமாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று அதன் கீழே எழுதித் தரவும், கழற்றிய பாகத்தைத் திருப்பித் தரவும் வேண்டும். அந்த இளைஞரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். “முதல் ரசீதை உங்களுக்கே போடுறேன் சார், பிரிண்டர் ஏதாவது மக்கர் பண்ணுதா?” என்றார். பண்ணுகிறது. திங்கட்கிழமை எடுத்துப் போகிறேன்.