ஸ்கிரைப் தேடி அலைவது இனி எங்கள் வேலை அல்ல
பார்வையற்ற கல்லூரி மாணவர்களும் தன்னார்வ ஸ்கிரைப்களும் சேர்ந்து முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

பாடம் எங்களுக்குத் தெரியும். நாங்கள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள், அதாவது ஸ்கிரைப், வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆளைத் தேடும் பாடு எங்கள் தலையிலும், எங்களோடு நிற்கும் சின்னத் தொண்டு அமைப்புகளின் தலையிலும் விழுந்து கிடக்கிறது. செமஸ்டர் தேர்வு எல்லாக் கல்லூரியிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வருகிறது. எழுத வருகிறேன் என்ற மாணவருக்கும் அன்றே தேர்வு. அவர் வராவிட்டால் அரியர் எங்கள் பேரில் ஏறுகிறது.

ஆகவே, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஸ்கிரைப் பட்டியல் வேண்டும். தேர்வு நடத்துவோர் மாவட்ட அளவில் ஸ்கிரைப் குழு அமைக்கலாம் என்று மத்திய அரசு 2018 ஆகஸ்ட் 29 அன்று தந்த வழிகாட்டுதலிலேயே இருந்தது. தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே ஸ்கிரைப்பைச் சந்திக்கலாம் என்றும் அதில் இருந்தது. முதல் நாள் இரவு வரை ஆள் யாரென்றே தெரியாதவர் யாரைப் போய்ச் சந்திப்பது?

கல்லூரி வாசலைத் தாண்டியும் ஆள் சேர்க்க வேண்டும். நாங்களே அழைத்து வரும் ஸ்கிரைப்பின் படிப்பு தேர்வரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றது அதே 2018 வழிகாட்டுதல். அந்த அளவுகோலில் பட்டப்படிப்புத் தேர்வுக்கு பிளஸ் டூ முடித்தவர் போதும். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய இல்லத்தரசிகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். வார நாள் காலையில் வரக்கூடியவர்களும் அவர்கள்தான். நூலகம், ரேஷன் கடை, மகளிர் சுயஉதவிக் குழு எங்கும் அழைப்பு போகட்டும்.

மாணவத் தொண்டர்களுக்கு நேரக் கணக்கு வேண்டும். என்.எஸ்.எஸ். மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். வளாகத்தைப் பெருக்குவது அதில் சேரும்போது, தேர்வு அறையில் நான்கு மணி நேரம் எழுதியதும் சேரட்டும். அன்றைக்கு ஆன் டூட்டியும் தரவேண்டும். இதற்குக் கல்லூரி முதல்வரின் ஒரு சுற்றறிக்கை போதும். நிதி ஒதுக்கத் தேவையில்லை.

புதியவர்களுக்குப் பயிற்சி கட்டாயம் வேண்டும். தொண்டு அமைப்புகளிடம் இதை உரிமையோடு கேட்கிறோம். நல்ல மனசும் நல்ல கையெழுத்தும் மட்டும் போதாது. கேள்வியை மதிப்பெண்ணோடு சேர்த்து முழுதாக வாசிக்க வேண்டும். ‘அல்லது’ போட்ட கேள்வி என்றால் இரண்டையும் வாசித்த பிறகே எங்களால் தேர்ந்தெடுக்க முடியும். சொன்னதை மட்டும் எழுத வேண்டும். நன்றாக இருக்குமே என்று சொந்தமாக ஒரு வரி சேர்க்கக் கூடாது. பத்தி முடிந்ததும் படித்துக் காட்ட வேண்டும். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் உண்டு என்பதால் மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரம் ஆகும் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். இது தெரியாமல் வந்தவர் மூன்றாவது மணி முடிந்ததும் பையைத் தேட ஆரம்பித்தால், எங்கள் கடைசிப் பத்து மதிப்பெண் கேள்வி அரைகுறையாக நிற்கும். அரை நாள் பயிற்சியில் இத்தனையும் அடங்கிவிடும்.

பஸ் காசும் மதியச் சாப்பாடும் தேர்வு மையம் தரட்டும். தன்னார்வம் என்றால் கைக்காசு போட்டு வருவது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

பட்டியலில் உள்ளவருக்கு அடையாள அட்டை வேண்டும். வாசலில் காவலாளியிடம் ஒருமுறை, அலுவலகத்தில் ஒருமுறை, அறையில் கண்காணிப்பாளரிடம் ஒருமுறை என்று விளக்கம் சொல்லி நின்றவர் அடுத்த முறை வருவதில்லை. புதிதாகப் பத்துப் பேரைச் சேர்ப்பதைவிட, வந்த ஒருவரைத் தக்கவைப்பது எளிது.

நவம்பர் தேர்வுக்கு முன் இவையெல்லாம் நடந்தாக வேண்டும். செப்டம்பருக்குள் பட்டியல், அக்டோபரில் பயிற்சி, ஹால் டிக்கெட் தரும் அன்றே ஸ்கிரைப்பின் பெயரும் தொலைபேசி எண்ணும். எந்தக் கல்லூரியில் எந்த ஆசிரியர் இதற்குப் பொறுப்பு என்பதை எழுத்தில், பிரெயிலிலும், எங்களுக்குத் தெரிவியுங்கள்.