வலியைப் பொறுக்கச் சொல்லாதீர்கள்

"இத்தனை நாள் தாங்கிட்டீங்க, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கங்க." புற்றுநோயோடு வீட்டில் படுத்திருக்கும் பெரியவர்களிடம் நாம் அன்பாகச் சொல்லும் வார்த்தை இது. ஆனால் புற்றுநோய் வலி பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றல்ல. பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையிலேயே கட்டுப்படுத்திவிடலாம்.

உலக சுகாதார நிறுவனம் 1986-ல் இதற்கு எளிய வழி சொன்னது. லேசான வலிக்குப் பாராசிட்டமால் போன்றவை, அதில் அடங்காவிட்டால் கோடீன் போன்றவை, கடும் வலிக்கு மார்ஃபின். இதில் முக்கியம், மணி பார்த்துக் கொடுப்பது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் சுமார் 4 மணி நேரம்தான். வலித்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருந்தால் வலி முந்திக்கொள்ளும்.

"மார்ஃபினா? அது கடைசி மருந்தாச்சே, பழகிடுமே" என்று பல வீடுகளில் பயப்படுகிறார்கள். வலிக்காக, மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடுபவர்கள் அதற்கு அடிமையாவது அரிது. சரியான அளவில் கொடுத்தால் ஆயுளையும் குறைக்காது. முதல் சில நாள் குமட்டலும் தூக்கமும் இருக்கலாம். மலச்சிக்கல் அநேகமாக வரும், அதற்கான மருந்தையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். திடீரென நிறுத்தாதீர்கள். எழுப்ப முடியாத அளவு தூங்கினாலோ, மூச்சு மெதுவானாலோ உடனே மருத்துவரை அழையுங்கள். விழுங்க முடியாதவர்களுக்கு மாத்திரையைப் பொடிக்கும் முன்பும் கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகையைப் பொடிக்கவே கூடாது.

வலியை அளக்க வீட்டிலேயே வழி உண்டு. "வலி முழுசா ஒரு ரூபாய்னா, இப்ப எத்தனை பைசா இருக்குங்க?" என்று கேளுங்கள். நேரம், பைசா, கொடுத்த மருந்து மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். 80 பைசா 30-க்கு இறங்கவில்லையென்றால் அந்த நோட்டைக் காட்டினாலே மருத்துவர் அளவை மாற்றுவார்.

மார்ஃபின் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகள் 2014 திருத்தத்தில் தளர்ந்தன; என்றாலும் அனுமதி பெற்ற இடங்களில்தான் வாங்க முடியும். சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையிலோ, நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வலி நிவாரணம், நோய் ஆதரவு சிகிச்சை பற்றி விசாரியுங்கள். ஆத்தூர், ராசிபுரம், பரமத்தி வேலூர் பக்கத்துக் கிராமங்களில் நோயாளியை வண்டி ஏற்றி அலைக்கழிக்க முடியாதவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. விவரத்துக்கு 104.

மருந்துக்கும் அடங்காத வலி சிலருக்கு மனசில் இருக்கும். அடைக்காத கடன், முடியாத மகள் கல்யாணம், பேசாமல் போன தம்பி. மாத்திரையைக் கொடுத்துவிட்டு உடனே எழுந்துவிடாமல், பக்கத்தில் கொஞ்சம் உட்காருங்கள். அவர்களே சொல்வார்கள்.