எடிட் லாக் இல்லாத கட்சிக் கணக்கு

2018-19 மதிப்பீட்டு ஆண்டில் 199.15 கோடி ரூபாய் வருமானத்துக்குக் காங்கிரஸ் கட்சி கோரிய விலக்கை, வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் தில்லி அமர்வு 2025 ஜூலை 21 அன்று மறுத்துவிட்டது. 2018 டிசம்பர் 31-க்குள் தாக்கலாகியிருக்க வேண்டிய ரிட்டர்ன் 2019 பிப்ரவரி 2 அன்றுதான் தாக்கலானது. அதோடு, தலைக்கு 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கிய நன்கொடை 14.49 லட்சம் இருந்தது. தாமத ரிட்டர்னுக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 139(4) தரும் அவகாசத்தை, கட்சிகளுக்கு விலக்கு தரும் பிரிவு 13ஏ-வின் மூன்றாவது காப்புரைக்குள் கொண்டுவர முடியுமா என்று நம் வட்டாரத்தில் இன்னும் விவாதம் ஓடுகிறது. முடியாது என்பதே இந்த இதழின் நிலைப்பாடு. காப்புரை சொல்வது 139(4பி)-யின் கெடு தேதியை மட்டுமே. அறக்கட்டளைகளுக்கு அவகாசம் தர நினைத்தபோது நாடாளுமன்றம் 139(4)-ஐப் பெயர் சொல்லியே எழுதியது, கட்சிகளுக்கு எழுதவில்லை. நிபந்தனையோடு வரும் விலக்கை நிபந்தனையை மீறியவர் கேட்க முடியாது. தீர்ப்பு சரி.

ரிட்டர்ன் கெடு, 2,000 ரூபாய் ரொக்க வரம்பு இரண்டுமே 2017 நிதிச் சட்டத்தோடு வந்தவை. இவை நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டே இந்த 2018-19 மதிப்பீட்டு ஆண்டுதான். ரசீது வவுச்சரில் சின்னதாக ஒரு டிடிஎல் (டேலி மென்பொருளைத் தேவைக்கேற்ப மாற்றும் நிரல்) சேர்த்திருந்தால், 2,000-ஐத் தாண்டும் ரொக்க நன்கொடையை மென்பொருள் அன்றைக்கே ஏற்க மறுத்திருக்கும். நாட்டின் மிகப் பழைய கட்சி அந்தச் சிறிய வேலையையும் செய்யாமல், ரிட்டர்னையும் தாமதித்து இவ்வளவு பெரிய விலை கொடுத்திருக்கிறது. நாம் கவனிக்க வேண்டியது இதில்தான் இருக்கிறது. தணிக்கையில் பழகிய ‘மெட்டீரியாலிட்டி’ என்ற அளவுகோல் இந்தத் துறையில் செல்லாது. 14.49 லட்சம் என்பது 199 கோடியில் ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உத்தரப் பிரதேசத்தின் பிசௌலித் தொகுதியில் 2007-இல் வென்ற உம்லேஷ் யாதவ், நாளிதழ்களில் வந்த செய்தி வடிவ விளம்பரத்துக்கான 21,250 ரூபாயைச் செலவுக் கணக்கில் காட்டாததால் 2011-இல் மூன்று ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். எந்தத் தணிக்கைக் கோப்பிலும் 21,250 ரூபாயை நாம் ஏறெடுத்தும் பார்க்க மாட்டோம்.

அதனால்தான் வேட்பாளர் கணக்கை மென்பொருளில் வைக்கச் சொல்கிறோம். வேட்பாளருக்கு ஒரு காஸ்ட் சென்டர் வேண்டும். நட்சத்திரப் பேச்சாளர் வராத கூட்டத்துக்கும் வரும் கூட்டத்துக்கும் தனி லெட்ஜர் வேண்டும். சுருக்க அறிக்கையில் இவை அட்டவணை 1, 2 என்று பிரிந்துதான் போகின்றன. ஒருவருக்கு ரொக்கமாகத் தரக்கூடிய 10,000 ரூபாய் வரம்பு ஒரு வவுச்சருக்கானதல்ல, தேர்தல் முழுவதற்குமானது. பந்தல்காரருக்கு மூன்று தவணையாக நான்காயிரம் நான்காயிரமாகக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு வவுச்சரும் சரியாகத்தானே இருக்கிறது என்று நினைக்கும் ஏஜென்ட்டைக் கைநோட்டு எச்சரிக்காது. பார்ட்டி லெட்ஜரின் கூட்டுத் தொகை மூன்றாவது தவணையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்கு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம் என்ற உச்சவரம்பில் எத்தனை சதவீதம் கரைந்திருக்கிறது என்பதும் தினமும் கண்முன்னே நிற்கும். இதுவரை எல்லாம் நல்லதே.

நம் கவலை இதற்கு அடுத்தபடியில் இருக்கிறது. மற்ற விஷயங்களை ஒதுக்கிவைத்துவிட்டு அதைத்தான் இந்த மாதம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

பிரச்சாரக் கணக்கு எங்கே திருத்தப்படுகிறது என்பது அந்த மேசையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கூட்டத்துக்கு 200 நாற்காலி என்று வவுச்சர் போட்டிருக்கிறோம், வீடியோ கண்காணிப்புக் குழுவின் பதிவில் 500 தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மாவட்டத் தேர்தல் அலுவலர் அறிவித்த விலைப்பட்டியலில் நாற்காலிக்கு ஒரு விலை, பந்தல்காரர் பில்லில் வேறு விலை. அந்த 500, தேர்தல் அதிகாரிகள் தனியே வைக்கும் நிழல் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஆய்வில் வேறுபாடு வெளிப்பட்டால் நோட்டீஸ் வரும், 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். சாதாரண டேலியில், திருத்தத் தடத்தைப் பதியும் எடிட் லாக் அணைந்திருக்கும் நிலையில், வவுச்சரைத் திறந்து 200-ஐ 500 ஆக்கி கன்ட்ரோல்-ஏ அழுத்தினால், முன்பு 200 இருந்ததற்கான அடையாளமே மிஞ்சாது. 500-ஐ 200 ஆக்கினாலும் மிஞ்சாது. நேர்மையான திருத்தத்தையும் மோசடித் திருத்தத்தையும் பிறகு எவராலும் பிரித்தறிய முடியாது. ஒப்புக்கொண்டு திருத்திய கணக்காளர்தான் முதலில் சந்தேகத்துக்கு ஆளாகிறார்.

வேட்பாளர் விஷயத்தில் இந்த ஓட்டையைத் தேர்தல் ஆணையம் என்றைக்கோ அடைத்துவிட்டது. தேர்தல் நடத்தும் அலுவலர் தரும் பதிவேட்டில் பக்கங்களுக்கு வரிசை எண் உண்டு, சான்றொப்பம் உண்டு. தினசரிக் கணக்குக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக்கு மஞ்சள். ஒரு தாளைக் கிழித்தால் எண் இடறும். அடித்து எழுதினால் அடித்தது தெரியும். பிரச்சாரக் காலத்தில் மூன்று முறையாவது பார்வையாளர் முன் அதை வைத்தாக வேண்டும். நாள் முழுக்க டேலியில் போட்டதை இரவில் உட்கார்ந்து பதிவேட்டில் பெயர்த்து எழுதுவது இரட்டை வேலை என்று நம் இளைய நண்பர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அந்தப் பதிவேட்டுக்குள் இருப்பது காகிதத்தில் செய்த எடிட் லாக் என்பதை அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டும்.

நிறுவனங்களுக்கும் இது வந்துவிட்டது. கம்பெனிகள் (கணக்குகள்) விதி 3(1)-இன் காப்புரை இரண்டு முறை தள்ளிப்போய், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஈரோட்டில் கணவனும் மனைவியும் இயக்குநர்களாக இருந்து நூல் வாங்கி விற்கும் பிரைவேட் லிமிடெட்டும் அணைக்க முடியாத எடிட் லாக் உள்ள மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும். தவறினால் பொறுப்பானவருக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம். கம்பெனிகள் (தணிக்கை மற்றும் தணிக்கையாளர்கள்) விதி 11(ஜி)-யின் கீழ் அதைச் சோதித்து எழுதும் பொறுப்பு தணிக்கையாளருக்கு. பாதி ஆண்டில் மென்பொருள் மாற்றிய சிறிய கம்பெனியின் அறிக்கையில் நாமே எதிர்க்குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறோம்.

40 லட்சம் செலவழிக்கும் வேட்பாளருக்கு எண்ணிட்ட தாள். நூல் வியாபாரிக்கு எடிட் லாக். இருவருக்கும் நடுவே, செலவுக்கு உச்சவரம்பே இல்லாத, நன்கொடைக்கு வரியே கட்டாத, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப் பிரிவு 77-இன் விளக்கப்படி தலைவர்களின் பயணச் செலவை வேட்பாளர் கணக்கில் ஏற்றாமல் தன் புத்தகத்திலேயே வைத்துக்கொள்ளும் அரசியல் கட்சிக்கு என்ன விதி? எந்த விதியும் இல்லை. எண்ணிட்ட தாளும் கிடையாது, எடிட் லாக்கும் கிடையாது. சட்டமன்றத் தேர்தல் முடிந்து 75 நாளில், மக்களவைத் தேர்தல் முடிந்து 90 நாளில் செலவு அறிக்கை தந்தால் போதும். அந்த 75 நாளில் புத்தகம் எத்தனை முறை திறந்து மூடப்பட்டது என்று கேட்கும் அதிகாரம் உள்ளவர்கள் அதைக் கேட்டதே இல்லை.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்த பிறகு இது இன்னும் அவசரமாகிவிட்டது. பத்திரம் நடப்பிலிருந்தவரை யார் வாங்கினார், எந்தக் கட்சி மாற்றியது என்ற பதிவு ஸ்டேட் வங்கியிடம் இருந்தது. அந்த எண்களை வங்கி தந்ததால்தான் கொடுத்தவரையும் பெற்றவரையும் இணைத்துப் பார்க்க முடிந்தது. அந்த வழி இன்று இல்லை. காசோலைக்கும் மின்பரிமாற்றத்துக்கும் வங்கிப் பதிவாவது இருக்கிறது. 2,000-க்குள் வரும் ரொக்கத்துக்குக் கட்சியின் ரசீதும் கட்சியின் புத்தகமுமே முதலும் முடிவுமான சாட்சி. மார்ச் 31-க்குப் பிறகு ஒரு பெரிய ரொக்க வரவைப் பிரித்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆயிரத்துத் தொள்ளாயிரமாக முன்தேதியிட்டுப் பதிவு செய்தால், சாதாரண மென்பொருளில் தணிக்கையாளருக்கு அது அன்றாட வரவாகவே தெரியும். எடிட் லாக் இருந்தால் அந்த வவுச்சர்கள் எந்தத் தேதியில், எந்தப் பயனர் பெயரில் உருவாயின என்று ஒரே திரையில் வந்து நிற்கும். 2,000 ரூபாய் வரம்புக்கு உயிர் இருப்பதும் இல்லாததும் அந்த ஒரு திரையைப் பொறுத்தது.

இதைச் செய்ய அதிகாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 13ஏ-வின் முதல் நிபந்தனையே, வருமானத்தை மதிப்பீட்டு அதிகாரி சரியாகக் கணக்கிட உதவும் புத்தகங்களைக் கட்சி வைத்திருக்க வேண்டும் என்பதுதான். தடமில்லாமல் திருத்தக்கூடிய புத்தகம் அந்த நிபந்தனையை எப்படி நிறைவேற்றும்? வருமான வரித் துறை இந்தக் கேள்வியை எழுப்பாமல் ரிட்டர்ன் தேதியையும் ரொக்கத் தொகையையும் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. தேர்தல் ஆணையம் 2014-இல் பொருளாளர்களுக்கு வெளிப்படைத்தன்மை வழிகாட்டுதல் தந்து, பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் 2012 வழிகாட்டுக் குறிப்பின்படி கணக்கு வைக்கச் சொன்னது. அதே அதிகாரத்தில் இன்னும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். 2023 ஜூலையில் கட்சிகளுக்கென்று இணைய முகப்பைத் திறந்தபோதாவது சேர்த்திருக்கலாம். அந்த முகப்பில் ஏறுவது நன்கொடை அறிக்கையும், தணிக்கை முடிந்த ஆண்டுக் கணக்கும், தேர்தல் செலவு அறிக்கையும். மூன்றும் புத்தகம் மூடிய பிறகு தயாராகும் தாள்கள். கேட்க வேண்டிய இடத்தைத் தாண்டி வந்து நின்றுகொண்டு கேட்கிறார்கள். நிறுவன விவகார அமைச்சகம் சிறு கம்பெனிகளிடம் காட்டிய கண்டிப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூட இந்த இரண்டு அமைப்புகளும் கட்சிகளிடம் காட்டத் துணியவில்லை. இதை நாம் பலமுறை எழுதிவிட்டோம். ஒவ்வொரு முறையும் புதுக் கெடுபிடி வந்தது கணக்கு எழுதுபவர் மேல்தான், கணக்கு வைக்க வேண்டியவர் மேல் வரவில்லை.

கிளைகளில் கணினி இல்லை, ஒன்றிய அளவில் கணக்கு எழுதத் தெரிந்தவர் இல்லை என்று கட்சித் தரப்பில் சொல்வார்கள். கிளையில் எண்ணிட்ட ரசீதுப் புத்தகம் போதும். தலைமை அலுவலகம் எப்படியும் மென்பொருளில்தான் ஒருங்கிணைக்கிறது. தடம் அங்கே இருந்தால் போதும். அந்த வசதி சந்தையில் விற்பனைக்கு இருக்கிறது. ஈரோட்டு நூல் வியாபாரி அதை வாங்கிப் போட்டுவிட்டார்.

அறிவிக்கை வரும்வரை காத்திருக்கச் சொல்ல நமக்கு மனம் இல்லை. கட்சிக் கணக்கில் கையெழுத்திடும் வாசகர்கள், பணி ஏற்புக் கடிதத்திலேயே ஏப்ரல் 1 முதல் எடிட் லாக் இயங்கும் மென்பொருள் வேண்டும் என்ற நிபந்தனையை எழுதுங்கள். நடப்பு ஆண்டில் அது இல்லையென்றால், விதி 11(ஜி) கட்சிக்குப் பொருந்தாது என்றாலும், திருத்தத் தடம் இல்லாத மென்பொருளில் கணக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்ற தகவலை அறிக்கையில் தனிப் பத்தியாகச் சேருங்கள். பொருளாளர் ஆட்சேபித்தால் அந்த ஆட்சேபத்தைக் கடிதமாக வாங்கிக் கோப்பில் வையுங்கள். பத்தியின் மாதிரி வாசகமும் கடிதத்தின் மாதிரியும் அடுத்த இதழில் வரும்.