தம்மாமில் ஒரு துணைத் தூதரகம் வேண்டும்

சவுதி அரேபியாவில் ஏறத்தாழ 25 லட்சம் இந்தியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நம் அரசு அங்கே இரண்டு இடங்களில் அலுவலகம் வைத்திருக்கிறது. நாட்டின் நடுவில் ரியாத்தில் தூதரகம், மேற்கே செங்கடல் கரையில் ஜித்தாவில் துணைத் தூதரகம். கிழக்குக் கரையில் ஒன்றுமில்லை. எண்ணெய் இருப்பதோ கிழக்குக் கரையில். தம்மாம், அல்கோபர், தஹ்ரான், ஜுபைல், ராஸ் தனூரா, அப்கைக், ஹஃபூஃப் என்று நீளும் கிழக்கு மாகாணத்தின் சுத்திகரிப்பு ஆலைகளும் துறைமுகங்களும் ரசாயன ஆலைகளும் நம் ஆட்களின் கைகளால் ஓடுகின்றன. ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் ஜுபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லும். அதன் அப்பாவோ மாமாவோ அங்கே இருப்பார்.

தம்மாமில் இந்தியத் துணைத் தூதரகம் ஒன்று திறக்கப்பட வேண்டும். அங்குள்ள தொழிலாளர்கள் நெடுநாளாகக் கேட்டுவருவதுதான் இது. அவர்களில் ஒருவனாக இருந்து ஊர் திரும்பியவன் என்ற முறையில் நானும் கேட்கிறேன்.

ஜுபைலில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்தேன். யார் எத்தனை மணிக்கு கேட்டுக்குள் போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்று எழுதுவது என் வேலை. அதனால் ஒரு பைப் ஃபிட்டருக்கோ ஹெல்பருக்கோ ஒரு வாரத்தில் சொந்தமாக எவ்வளவு நேரம் மிஞ்சும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வாரத்தில் ஆறு நாள் டூட்டி. வெள்ளிக்கிழமை லீவு. ஆலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் வேலை வந்துவிட்டால் அந்த வெள்ளியும் கிடையாது. அரசு அலுவலகங்கள் நடப்பது ஞாயிறு முதல் வியாழன் வரை. தம்மாமிலிருந்து ரியாத் சுமார் 400 கிலோ மீட்டர், ஜுபைலிலிருந்து அதைவிடத் தூரம். போய்வர ஒரு நாள் முழுசாகப் போகும். வரிசையில் வேலை முடியாவிட்டால் இரண்டு நாள். ஒரு நாள் வராதவனுக்கு இரண்டு நாள் சம்பளத்தைப் பிடிக்கும் கம்பெனிகள் எங்கள் பக்கத்திலேயே இருந்தன. பஸ் காசு, சாப்பாடு, பிடித்த சம்பளம் எல்லாம் சேர்ந்தால், ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் பெரிய பள்ளம் விழும்.

பாஸ்போர்ட் புதுப்பிப்பதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. விண்ணப்பம் வாங்கும் மையங்கள் கிழக்கு மாகாணத்திலும் இருக்கின்றன. தூதரகக் குழுவினரும் அவ்வப்போது ஊர் ஊராக வந்து மேசை போட்டு உட்கார்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு, அதனால் பலன் பெற்றவர்கள் ஏராளம். ஆனால் பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதி எல்லோருக்கும் முன்பே தெரியும். அதற்கேற்ப ஒருவன் திட்டமிட்டுக்கொள்ளலாம். சம்பளம் வராமல் போவதும், போலீஸ் பிடித்துக்கொண்டு போவதும், பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் காலையில் எழுந்திருக்காமல் இருப்பதும் தேதி சொல்லிவிட்டு நடப்பதில்லை.

முதுகுளத்தூர் பக்கத்துத் தம்பி ஒருவர் ஹவுஸ் டிரைவராக வந்தார். மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. கேட்டதற்கு, கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, அவர் மேல் ஹுரூப் போட்டுவிட்டார். வேலையை விட்டு ஓடிப்போய்விட்டான் என்று கஃபீல் பதிவுசெய்வதுதான் ஹுரூப். அதைப் போட்ட நிமிடத்தில் அந்த ஆள் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவன் ஆகிவிடும் நிலைதான் அப்போது இருந்தது. இக்காமா என்னும் குடியிருப்பு அட்டை கையில் இருக்கும், அதற்கு உயிர் இருக்காது. அந்தத் தம்பிக்கு உதவக்கூடிய அலுவலகம் ரியாத்தில் இருக்கிறது. வழியில் செக்போஸ்ட். பஸ் டிக்கெட்டுக்கும் இக்காமா கேட்பார்கள். நண்பர்கள் தங்கள் காரில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்றால், பிடிபட்டால் ஏற்றிச் சென்றவருக்கும் தண்டனை. எவனுக்குத் தூதரகம் மிகவும் தேவையோ, அவனால்தான் அங்கே போய்ச் சேர முடியாது.

2021 மார்ச்சில் சவுதி அரசு தொழிலாளர் விதிகளைத் தளர்த்தி, முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு வேலைக்கு மாற வழிசெய்தபோது எங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி. ஆனால் வீட்டு ஓட்டுநர்களும் வீட்டு வேலைக்காரர்களும் ஆடு மேய்ப்பவர்களும் தோட்டக்காரர்களும் அந்தச் சீர்திருத்தத்தில் சேர்க்கப்படவில்லை. தனியாக, ஒரு வீட்டுக்குள் அல்லது ஒரு பண்ணைக்குள் வேலை பார்ப்பவர்கள் இவர்கள்தான். நடந்து போகும் தூரத்திலாவது, டாக்சி பிடித்துப் போகும் தூரத்திலாவது ஓர் இந்திய அதிகாரி இருக்க வேண்டியது இவர்களுக்காகத்தான்.

மரணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் ஒருவர் இறந்தால் உடல் தானாக வந்துவிடும் என்று ஊரில் நினைக்கிறார்கள். அப்படி வராது. மருத்துவமனையின் மரண அறிக்கை வேண்டும். போலீஸ் கடிதம் வேண்டும். உடலை அனுப்பலாமா, அங்கேயே அடக்கம் செய்யலாமா என்று குடும்பம் சொல்லும் ஒப்புதல் கடிதம் நோட்டரி கையெழுத்தோடு வேண்டும். உடலைப் பெற்றுக்கொள்ள யாருக்கு அதிகாரம் என்று அதில் பெயர் குறிப்பிட்டிருக்க வேண்டும். தூதரகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். பாஸ்போர்ட்டை ரத்துசெய்ய வேண்டும். எக்ஸிட் விசா அடிக்க வேண்டும். உடலைப் பதப்படுத்த வேண்டும், விமான கார்கோவில் இடம் பிடிக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பெட்டி திருச்சிக்கோ சென்னைக்கோ கிளம்பும். அனுப்பும் செலவு முதலாளியுடையது என்று சவுதி தொழிலாளர் சட்டம் சொல்கிறது. நல்ல கம்பெனியாக இருந்தால் அவர்களே எல்லாவற்றையும் பார்ப்பார்கள். சின்ன கஃபீலாக இருந்தால் போனை எடுக்க மாட்டார்.

தூதரகச் சான்று உட்பட இந்தக் காகிதங்களில் பல இப்போது மின்னஞ்சலிலேயே நகர்கின்றன. பிறகு எதற்கு இன்னோர் அலுவலகம் என்று கேட்கலாம். மின்னஞ்சல் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போகாது. சவக்கிடங்கில் உடலை அடையாளம் காட்டாது. கஃபீலின் வீட்டுக் கதவைத் தட்டாது. அதையெல்லாம் செய்பவர்கள் தன்னார்வலர்கள். ஃபோர்மேன், கணக்கர், பகாலா என்னும் மளிகைக் கடைக்காரர், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ். தங்கள் வேலைக்கு லீவு போட்டு, தங்கள் காரில் தங்கள் பெட்ரோலில் ஓடுகிறார்கள். தமிழரின் உடலுக்கு மலையாளி ஓடுவார், ஆந்திராக்காரரின் உடலுக்குத் தமிழர் ஓடுவார். இவர்கள் இல்லாவிட்டால் கிழக்கு மாகாணத்தில் ஒரு பெட்டிகூட நேரத்துக்குக் கிளம்பாது. ரியாத்தில் நள்ளிரவிலும் போனை எடுத்துப் பதில் சொன்ன அதிகாரிகளை எனக்குத் தெரியும், அவர்களுக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. ஆனாலும் ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவர், “நீ இவருக்கு யார்?” என்று கேட்கும்போது தன்னார்வலரிடம் இருப்பது குடும்பம் அனுப்பிய ஸ்கேன் காப்பி மட்டும்தான்.

அங்கே ஒரு தூதரக அதிகாரி நின்றால் பேச்சே வேறு. 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு, காவலில் இருக்கும் தன் நாட்டவரைச் சந்திக்கவும் வழக்கறிஞர் ஏற்பாடு செய்யவும் அவருக்கு உரிமை தருகிறது. 37-ஆம் பிரிவு, வெளிநாட்டவர் இறந்தால் அந்தந்த நாட்டுத் தூதரக அலுவலகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பாகிஸ்தான் சிறையில் இருக்கும் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் இதே 36-ஆம் பிரிவை வைத்துத்தான் நம் அரசு 2019-இல் சர்வதேச நீதிமன்றத்தில் வென்றது. அந்த உரிமை தம்மாம் சிறையில் இருக்கும் ஹெல்பருக்கும் உண்டு. அதைப் போய்ப் பயன்படுத்த அருகில் ஆள் வேண்டும்.

உடல் வந்து சேர்ந்ததும் பிரச்சினை முடிவதில்லை. பாக்கிச் சம்பளம், பணிக்கொடை, விபத்து என்றால் நஷ்டஈடு. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று வாங்கி, அதற்கு அத்தாட்சி பெற்று அனுப்பி, அங்கே தொழிலாளர் நீதிமன்றத்தில் அரபு மொழியில் வழக்கு நடந்து, வரும் தொகை தூதரகம் வழியாக மாவட்ட ஆட்சியருக்கு வந்து குடும்பத்தின் கைக்குப் போக வேண்டும். குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் தொழிலாளர்கள் வேலைக்குப் போகும்போது கட்டாயமாக எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டில் விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் உண்டு. அதைக் கேட்கவும் இறப்பின் காரணத்தைச் சொல்லும் அங்குள்ள போலீஸ் காகிதம் தேவை. அந்தக் காகிதம் தம்மாமில் எந்த மேசையில் கிடக்கிறது என்று பார்க்க ஆளில்லாமல், இங்கே ஒரு பெண் கைக்குழந்தையோடு தாலுகா ஆபீசுக்கு நடந்துகொண்டிருப்பாள். அப்படிப்பட்டவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதுதான் ஊர் திரும்பிய பிறகு என் வேலையாகியிருக்கிறது. பிள்ளை நடக்கக் கற்று, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் பணம் வராத வீடுகளை எனக்குத் தெரியும்.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்து 45 இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் தமிழர்கள். இரண்டே நாளில் விமானப்படை விமானம் உடல்களோடு கொச்சியில் இறங்கியது. மத்திய அமைச்சர் குவைத்துக்குப் போனார், மாநில அமைச்சர்கள் விமான நிலையத்தில் நின்றார்கள். செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அதிலிருந்து எனக்குப் புரிவது, அரசு நினைத்தால் அந்தக் காகிதங்கள் இரண்டு நாளில் முடியும் என்பது. கேம்ப் கட்டிலில் தூக்கத்தில் மாரடைப்பால் தனியாக இறக்கும் ஒருவருக்கு விமானப்படை வேண்டாம். அரை மணி நேரத்தில் வந்து சேரும் ஓர் அதிகாரி போதும்.

செலவுக்குப் பணம் எங்கே என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு. இந்தியச் சமுதாய நல நிதி என்று 2009-இல் தொடங்கப்பட்ட ஒரு நிதி இருக்கிறது. தூதரகச் சேவை ஒவ்வொன்றுக்கும் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை இதற்காக வசூலிக்கப்படுகிறது. கஷ்டத்தில் மாட்டிய தொழிலாளிக்குத் தங்குமிடம், டிக்கெட், வழக்கறிஞர், உடலை அனுப்பும் செலவு எல்லாம் இதிலிருந்து கொடுக்கலாம். கட்டடம் கட்டவும் சம்பளம் கொடுக்கவும் அந்த நிதியை எடுக்கச் சொல்லவில்லை, எடுக்கவும் கூடாது. ஆனால் தங்கள் கஷ்டகாலத்துக்கான பணத்தைத் தாங்களே சேர்த்துவைத்திருக்கும் மக்கள் இவர்கள். வருடந்தோறும் இவர்கள் ஊருக்கு அனுப்பும் பணம் நாட்டின் அந்நியச் செலாவணியைத் தாங்குகிறது. பக்கத்தில் ஓர் அலுவலகம் கேட்க அவர்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

அமெரிக்காவைப் பாருங்கள். 1938-இல் தம்மாமில் எண்ணெய் கிடைத்தது. 1944-லேயே தஹ்ரானில் துணைத் தூதரகம் திறந்துவிட்டது அந்த நாடு. தன் மக்கள் எங்கே வேலை பார்க்கிறார்களோ அங்கே அலுவலகம் போனது. பிலிப்பைன்ஸ் அரசு அல்கோபரில் தொழிலாளர் அலுவலகம் நடத்துகிறது. நம் அரசுக்கும் இப்படிச் செய்யத் தெரியாமல் இல்லை. அமெரிக்காவில் நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ, ஹூஸ்டன், அட்லாண்டா என்று துணைத் தூதரகங்கள் இருந்தும், 2023-இல் சியாட்டிலில் ஒன்று திறந்தது. 2025-இல் லாஸ் ஏஞ்சலிஸ், பாஸ்டன் என்று மேலும் இரண்டை அறிவித்தது. அங்குள்ள நம் பிள்ளைகளுக்கு அவை வேண்டியவைதான். ஒன்றைக்கூடக் குறைக்கச் சொல்ல மாட்டேன். கிழக்கு மாகாணத்துத் தொழிலாளிக்கும் ஒன்று வேண்டும் என்கிறேன்.

இதில் மனத்தை அறுக்கும் ஒரு விஷயம் உண்டு. அல்கோபர் கடற்கரையிலிருந்து கடல்மேல் பாலம் ஓடுகிறது, 25 கிலோ மீட்டர். அந்தப் பக்கம் பஹ்ரைன். மனாமாவில் இந்தியத் தூதரகம் இருக்கிறது. அது வேறு நாடு, விசா வேண்டும், சவுதியில் வேலை பார்ப்பவரின் காரியம் அங்கே நடக்கவும் நடக்காது. அத்தனை பக்கத்தில் நம் கொடி பறக்க, தொழிலாளி எதிர்த்திசையில் 400 கிலோ மீட்டர் போகிறார்.

துணைத் தூதரகம் திறக்க அந்த நாட்டின் சம்மதம் வேண்டும், அது பேச்சுவார்த்தையில் நடக்கும் காரியம். சவுதிக்கு இந்தியாவில் டெல்லியில் தூதரகமும் மும்பையில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. தென்னிந்தியாவிலிருந்து இத்தனை பேர் சவுதிக்குப் போகும்போது, சென்னையிலோ கொச்சியிலோ அவர்கள் ஒன்று திறந்துகொள்ளட்டும், தம்மாமில் நாம் ஒன்று திறக்கிறோம் என்று பேசலாம். இரண்டு பக்கத்துக்கும் ஆதாயம்.

திறக்கப்படும் அலுவலகம் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த பிறகு இரவு வரை இயங்க வேண்டும். அதற்குப் பதில் வேறொரு நாள் விடுமுறை எடுத்துக்கொள்ளலாம். தமிழும் மலையாளமும் தெலுங்கும் இந்தியும் பேசுபவர்கள் முன் மேசையில் இருக்க வேண்டும். அரபு தெரிந்த ஒருவர் தொழிலாளர் நீதிமன்றத்துக்கென்றே இருக்க வேண்டும். மரணக் கோப்புகளுக்குத் தனி அதிகாரி வேண்டும்; ஊரிலிருந்து விசாரிக்கும் குடும்பத்துக்கு அவர் பெயரும் எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். கட்டடம் பெரிதாக இருக்கத் தேவையில்லை, கேம்ப்களிலிருந்து பஸ் வரும் சாலையில் இருந்தால் போதும்.

தமிழ்நாட்டிலிருந்து 39 பேர் மக்களவையில் இருக்கிறார்கள். கடலோர மாவட்டங்களின் உறுப்பினர்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது, சவுதியில் மகன் இருக்கும் வீட்டுத் திண்ணையில் உட்காராமல் போவதில்லை. கேரள உறுப்பினர்களோடும் தெலங்கானா, ஆந்திர உறுப்பினர்களோடும் சேர்ந்து, கட்சி பார்க்காமல் வெளியுறவு அமைச்சரிடம் ஒரே மனுவாகக் கொடுக்கலாம். தமிழக அரசு அமைத்திருக்கும் அயலகத் தமிழர் நல வாரியம் கிழக்கு மாகாணத்தில் முடியாமல் கிடக்கும் மரண வழக்குகளை மாவட்டவாரியாகத் திரட்டி அந்த மனுவோடு இணைக்கலாம். அந்தக் கோப்புகளின் நகல்கள் எங்கள் தாலுகா அலுவலகங்களிலேயே இருக்கின்றன.