கோடிங் மூளை என்று ஒன்று கிடையாது

"உனக்கு கோடிங் வராதும்மா. பேசாம டெஸ்டிங் பக்கம் போயிடு, இல்லேன்னா பேங்க் எக்ஸாமுக்குப் படி." கம்ப்யூட்டர் லேபில் இந்த அறிவுரை காதில் விழாமல் பட்டம் வாங்கியவர்கள் குறைவு. சொல்பவர் கெட்டவர் இல்லை. பிள்ளை வீணாகக் கஷ்டப்படுகிறதே என்ற கரிசனத்தில்தான் சொல்கிறார். அந்தக் கரிசனத்துக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: ப்ரோகிராம் எழுதும் மூளை சிலருக்குப் பிறவியிலேயே அமைந்துவிடும், மற்றவர்களுக்குத் தலைகீழாக நின்று சொல்லிக்கொடுத்தாலும் ஏறாது. துறைத்தலைவர் நம்புகிறார், சீனியர் நம்புகிறான், ஃபீஸ் கட்டுகிற அப்பா நம்புகிறார். யாரைப் பார்த்து அதைச் சொன்னார்களோ அந்தப் பெண்ணும் நம்பிவிடுகிறாள் என்பதுதான் கொடுமை.

இந்த நம்பிக்கை பொய். அதோடு, பாடம் நடத்துகிறவர்களின் குறையைப் படிக்கிறவர்களின் தலையில் கட்டுவதற்கு வசதியான பொய்.

கர்நாடகத்தின் கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற சாலையில் கௌதள்ளி என்றொரு ஊர் இருக்கிறது. கொள்ளேகால் தாலுகா 1956 வரை சென்னை மாநிலத்தில், கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூரு மாவட்டத்தோடு சேர்ந்தது. 1997இல் அதிலிருந்து பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போனது. மாவட்டம் மாறியதே தவிர, அந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் பேச்சு இன்னும் தமிழ்தான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், காலேஜில் இங்கிலீஷ். இப்படி மூன்று மொழி தாண்டி பி.சி.ஏ. வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைக்கு ஜாவா பாடத்தின் முதல் நாள் போர்டில் எழுதிப்போடுவது என்ன? "பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்டு மெயின்." கூடவே ஓர் உத்தரவு: "இதெல்லாம் இப்போ கேக்காதீங்க, அப்படியே எழுதிக்கங்க. அப்புறம் புரியும்."

அந்த ஒரு வரியில் எத்தனை விஷயம் இருக்கிறது என்று பாருங்கள். வெளியிலிருந்து யாரும் அழைக்கலாம் என்பது பப்ளிக். ஆப்ஜெக்ட் ஒன்றை உண்டாக்காமலேயே அழைக்கலாம் என்பது ஸ்டாட்டிக். எதையும் திருப்பித் தராது என்பது வாய்டு. அடைப்புக்குறிக்குள் ஸ்ட்ரிங், அதுவும் ஓர் அர்ரே. இவை அத்தனையையும் சுற்றி ஒரு கிளாஸ். அது பப்ளிக் கிளாஸ் என்றால் அதன் பெயரும் ஃபைலின் பெயரும் ஓர் எழுத்து மாறாமல் ஒத்துப்போக வேண்டும். திரையில் "வணக்கம்" என்று ஒரு சொல் வருவதற்கு, மூன்றாவது மாதம் நடத்தப்போகிற பாடமெல்லாம் முதல் நாளே வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

இதைக் குறை சொல்வது நான் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1995இல் வெளிவந்த ஜாவாவை இன்று பராமரிக்கிறவர்களே இதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 2023இல் வந்த ஜாவா 21இல் சோதனை வசதியாகத் தொடங்கி, 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள்: முதல் ப்ரோகிராமுக்கு கிளாஸ் வேண்டாம், பப்ளிக் வேண்டாம், ஸ்டாட்டிக் வேண்டாம். "வாய்டு மெயின்" என்று தொடங்கி உள்ளே ஒரு வரி எழுதினால் ஓடும். புதிதாகக் கற்பவர்களுக்காகத்தான் இந்த மாற்றம் என்று வெளிப்படையாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். முப்பது வருடமாக அந்த வரியில் தடுக்கி விழுந்த பிள்ளைகளிடம் "உனக்கு மூளை இல்லை" என்று சொன்னவர்கள் இப்போது என்ன சொல்வார்கள்?

"அறிவியலே சொல்லியிருக்கே சார், ஒட்டகத்துக்கு ரெண்டு திமில்" என்று விவரம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் கையைத் தூக்கலாம். அந்தக் கதையையும் பார்த்துவிடுவோம். 2006இல் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சயீத் தெஹ்னாதி, ரிச்சர்ட் போர்னட் இருவரும் ஒரு கட்டுரையின் வரைவைச் சுற்றுக்கு விட்டார்கள். பாடம் தொடங்கும் முன்பே மாணவர்களிடம் கொடுத்த சின்னச் சோதனை ஒன்றைப் பற்றியது அது. "அ" என்பதில் 10, "ஆ" என்பதில் 20; இப்போது "அ = ஆ" என்று ஜாவாவில் எழுதினால் இரண்டிலும் என்ன இருக்கும்? பதில் சரியா தப்பா என்பது முக்கியமில்லை. எல்லாக் கேள்விக்கும் ஒரே மாதிரி யோசித்தவர்கள் தேறுவார்கள், மாற்றி மாற்றி யோசித்தவர்கள் தேறமாட்டார்கள் என்றார்கள். மதிப்பெண் வரைபடம் ஒட்டகத்தின் இரண்டு திமில் போல இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது என்பதுதான் தலைப்பின் பொருள். உலகம் முழுக்க ஆசிரியர்கள் அதைக் கொண்டாடித் தீர்த்தார்கள். பின்னால் வேறு இடங்களில் செய்துபார்த்தபோது முடிவு அப்படி வரவில்லை. 2014இல் போர்னட் தானே முன்வந்து, அந்தக் கட்டுரையை வாபஸ் வாங்குவதாக எழுத்தில் அறிவித்தார். வாபஸ் வாங்கிய செய்தி மட்டும் நம் ஸ்டாஃப் ரூம் வரை வந்து சேரவில்லை.

அடுத்தது இன்னும் சுவையானது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் கணினி வகுப்புகளின் 778 மதிப்பெண் பட்டியல்களை எலிசபெத் பாட்டிட்சாஸும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். இரண்டு திமில் என்று சொல்லத்தக்கவை அவற்றில் 5.8 சதவீதம்தான். பிறகு ஆசிரியர்களிடம் சில வரைபடங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். பிறவித் திறமையை நம்புகிறவர்களே, இல்லாத திமிலை அதிகம் பார்த்தார்கள்.

ஆனாலும் வகுப்பில் பாதிப்பேர் கிடுகிடுவென்று போகிறார்கள், பாதிப்பேர் தேங்கிவிடுகிறார்கள் என்பது நாம் கண்ணால் காண்பதுதானே? காண்கிறோம். அதற்குக் காரணம் வேறு. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்து ஆண்டனி ராபின்ஸ் 2010இல் ஒரு விளக்கம் தந்தார். ப்ரோகிராமிங்கில் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்ததற்கு ஏற முடியும். வேரியபிள் புரியாமல் லூப் புரியாது, லூப் புரியாமல் அர்ரே புரியாது. முதல் இரண்டு வாரம் பிடிபட்டவனுக்கு மூன்றாம் வாரம் எளிது. தவறவிட்டவளுக்கு ஒவ்வொரு வாரமும் பாரம் கூடும். தொடக்கத்தில் இருந்த சின்ன வித்தியாசம் செமஸ்டர் முடிவில் பெரிய பள்ளமாகிவிடும்.

அந்தச் சின்ன வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது ஊரறிந்த ரகசியம். தமிழ்நாட்டில் ப்ளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவன் சி ப்ளஸ் ப்ளஸ்ஸும், ப்ளஸ் டூவில் பைத்தானும் படித்துவிட்டு வருகிறான். பக்கத்து பெஞ்சில் பயாலஜி குரூப்பிலிருந்து வந்தவளோ கீபோர்டில் அரைப்புள்ளி எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறாள். இரண்டு வருடம் முன்னாலேயே ஓடத் தொடங்கியவனைப் பிறவி ஓட்டக்காரன் என்கிறோம். வீட்டில் லேப்டாப்பும் ஐடியில் வேலை பார்க்கும் அண்ணனும் இருப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

சரி, லேபில் என்ன நடக்கிறது? ரெக்கார்ட் நோட்டைத் திறந்து பாருங்கள். வலது பக்கம் நீல மையில் எய்ம், அல்காரிதம், ப்ரோகிராம். இடது வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் அவுட்புட். கடைசியில் ரிசல்ட் என்று கோடு போட்டு, ப்ரோகிராம் வெற்றிகரமாக இயக்கப்பட்டது, அவுட்புட் சரிபார்க்கப்பட்டது என்று ஒரு வாக்கியம். பல நோட்டுகளில் இந்த வாக்கியம் ப்ரோகிராம் ஓடுவதற்கு முன்பே, சில நோட்டுகளில் அது ஓடாமலேயே, போன வருடத்து நோட்டைப் பார்த்து எழுதப்பட்டது. பக்கத்தில் சிவப்பு மையில் சார் கையெழுத்து. பிராக்டிகல் அன்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். மனப்பாடம் செய்த பத்துப் பன்னிரண்டில் ஒன்று வரும்.

அந்தப் பெண் மனப்பாடத்திலிருந்து டைப் செய்கிறாள். "சிஸ்டம் டாட் அவுட்" என்பதில் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகப் போட மறந்துவிட்டாள். கம்பைலர் என்ன சொல்கிறது தெரியுமா? "பேக்கேஜ் சிஸ்டம் டஸ் நாட் எக்ஸிஸ்ட்." பெரிய எழுத்து, சின்ன எழுத்து பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேக்கேஜ் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் இன்னும் சொல்லவுமில்லை. எர்ரரை நிதானமாகப் படி, எந்த வரி என்று பார், அந்த வரியில் என்ன எழுதியிருக்கிறாய் என்று சத்தமாகச் சொல் என்று ஒரு நாளும் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கியதில்லை. ரெக்கார்டில் எர்ரருக்கு இடமே கிடையாது. அவள் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து டைப் செய்கிறாள். நேரம் முடிந்துவிடுகிறது. எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் முகத்தைச் சுளிக்கிறார். அரியர். "கோடிங் வராது" என்ற தீர்ப்பு இப்படித்தான் எழுதப்படுகிறது. அவள் தோற்றது நினைவாற்றல் தேர்வில். ப்ரோகிராமிங்கில் அவளுக்குத் தேர்வே வைக்கப்படவில்லை.

ஜாவாவை விட்டுவிட்டு வேறு மொழிக்கு மாறினால் தீர்ந்துவிடும் என்று ஒரு கட்சி உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2017 ரெகுலேஷனில் முதலாண்டுக்குப் பைத்தானைக் கொண்டுவந்தது. நல்லதுதான். கேள்வித்தாள் மட்டும் இரண்டு மார்க், பதின்மூன்று மார்க், பதினைந்து மார்க் என்று பேப்பரில் எழுதுகிற தாளாகவே இருந்தது. வாட்சன், லீ என்ற இருவர் 15 நாடுகளின் 161 அறிமுகப் பாடங்களைத் தொகுத்து 2014இல் வெளியிட்ட ஆய்வில் தேறியவர்கள் 67.7 சதவீதம், எந்த மொழியில் கற்பித்தார்கள் என்பதால் பெரிய வித்தியாசமில்லை. (முத்தையா அண்ணாமலை தமிழ்ச் சொற்களாலேயே எழுதும்படி உருவாக்கிய 'எழில்' எனக்குப் பிடித்த முயற்சி. அதையும் இதே ரெக்கார்ட் நோட்டு முறையில் நடத்தினால் தமிழிலேயே ஃபெயில் ஆவார்கள்.)

மாறவேண்டியது நடத்தும் விதம். சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லெக்சரைக் குறைத்தார்கள். ஒரு கேள்வியைத் திரையில் போட்டு, முதலில் தனியாக யோசிக்கவைத்து, பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவைத்து, மறுபடி பதில் சொல்லச் சொன்னார்கள். 2013இல் வெளியிட்ட கணக்கின்படி தோல்வி விகிதம் சராசரியாக 20 சதவீதத்திலிருந்து 7க்கு இறங்கியது. அந்த இடைவெளியில் இருந்த அத்தனை பேருக்கும் திடீரென்று புதுமூளை முளைத்ததா?

கௌதள்ளிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. மைசூருவில் இன்ஃபோசிஸ் நடத்தும் பயிற்சி வளாகம். 2005 முதல் மெக்கானிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல் படித்த பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் அங்கே கொண்டுபோய், சில மாதங்களில் ப்ரோகிராமர்களாக வெளியே அனுப்பியிருக்கிறார்கள். கோடிங் மூளை பிறவியில் வருவதென்றால் அந்த வளாகத்தையே கட்டியிருக்க முடியாது. 2025 பிப்ரவரியில் அதே வளாகத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியேற்றப்பட்டார்களே என்று கேட்பீர்கள். ஆமாம், மூன்று வாய்ப்பிலும் உள்தேர்வில் தேறவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். ஆஃபர் லெட்டரை வைத்துக்கொண்டு இரண்டு வருடத்துக்கும் மேல் வீட்டில் காத்திருந்தவர்கள் அவர்களில் பலர். குறிப்பிட்ட வாரங்களுக்குள் குறிப்பிட்ட வேகத்தில் யார் வந்தார்கள் என்பதைத்தான் கம்பெனியின் தேர்வு அளக்கும். நான்கு வருடம் கையில் இருந்தும் கல்லூரி செய்யாமல் விட்ட வேலைக்கு அந்தப் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள்.

ஆசிரியர்களே, உங்கள் சம்பளம் குறைவு, வகுப்பில் அறுபது பேர், சிலபஸ் உங்கள் கையில் இல்லை. எல்லாம் தெரியும். ஆனாலும் உங்கள் கையில் இருப்பவை சில உண்டு. ரெக்கார்டில் ஓடிய ப்ரோகிராமோடு, ஓடாத ப்ரோகிராம் ஒன்றையும் அதன் எர்ரரையும் அதைச் சரிசெய்த விதத்தையும் எழுதச் சொல்லுங்கள். பேப்பரில் வரி வரியாக வேரியபிள் மதிப்பை எழுதிப் பார்க்கும் ட்ரை ரன்னுக்கு வாரம் ஒரு மணி ஒதுக்குங்கள். முதல் மாதத்தில் தேங்கியவர்களை அந்த மாதத்திலேயே பிடித்து உட்கார வையுங்கள். மாடல் எக்ஸாம் வரை விட்டுவைக்காதீர்கள். "உனக்கு கோடிங் வராது" என்று எந்தப் பிள்ளையிடமும் இனி சொல்லாதீர்கள்.